தொட்டிக்கேற்ற மீனும் மீனுக்கேற்ற தொட்டியும்

அழகுக்காக வளர்க்கும் மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்ற கேள்வி, மீன் வளர்ப்பின் வரலாற்றில் மிகப் பிந்தியே எழுந்தது. நெடுங்காலமாகத் தொட்டியின் அளவைத் தீர்மானித்தவை கண்ணாடியின் விலையும், அதைத் தாங்கும் சட்டத்தின் வலுவும், வீட்டுக் கூடத்தில் ஒழிந்திருந்த இடமுமே ஆகும். அப்படி அமைந்த தொட்டிக்குள் மீன்தான் அடங்கிப்போக வேண்டியிருந்தது.

இதற்கு மிகப் பழைய சான்று தங்கமீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சீன மீனின் நிறம் மாறிய வகையான இது, 12ஆம் நூற்றாண்டில் தெற்குச் சோங் மன்னர் காவ்சோங்கின் ஹாங்சோ அரண்மனைக் குளங்களில் வளர்க்கப்பட்டது. மிங் ஆட்சிக் காலத்தில் குளத்திலிருந்து அகன்ற வாயுடைய சாடிகளுக்கு மாற்றப்பட்டது. 1596இல் சாங் சியாண்டே இம்மீனைப் பற்றி ஒரு தனி நூலே எழுதும் அளவுக்குச் சாடி வளர்ப்பு பரவியிருந்தது. குளத்தில் வேகமாக நீந்தி இரை தேட இயலாமல் மடிந்திருக்கக்கூடிய குட்டை உடலும், இரட்டை வாலும், பிதுங்கிய கண்ணும் கொண்ட மீன்கள், போட்டியும் பகையும் இல்லாத சாடியில் பிழைத்ததோடு, மேலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அழகாகவும் பட்டமையால், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்டன. கலத்துக்கேற்ப உயிரையே செதுக்கிய செயல் இது. ஆயினும் அச்சாடிகளின் வாய் அகலம் வெறும் அலங்காரமன்று: காற்றிலுள்ள ஆக்சிஜன் நீர்ப்பரப்பின் வழியாகவே நீரில் கரைகிறது என்பதால், பரப்பு விரிந்த கலமே மீனை வாழவைக்கும். ஐரோப்பாவில் பின்னாளில் புகழ்பெற்ற, வாய் குறுகிய உருண்டைக் கண்ணாடிக் குடுவை இந்தக் கைத்தொழில் அறிவைத் தொலைத்துவிட்டது. குளத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன், சில லிட்டர் நீரில் வைக்கப்பட்டதற்கு அறியாமையைத் தவிர வேறு காரணம் கூறவியலாது.

கண்ணாடித் தொட்டியின் வரலாறு பிரிட்டனின் வரிக் கொள்கையோடு பிணைந்தது. எடையைப் பொறுத்துக் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த தீர்வை 1845இல் நீக்கப்பட்ட பிறகே தடித்த கண்ணாடி நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது. 1849இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், 12 கேலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து, அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகளையும் சேர்த்து, நீரை மாற்றாமலே மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். செடி வெளியிடும் ஆக்சிஜனும் மீன் வெளியிடும் கரியமில வாயுவும் சமன்பட்டால் போதும் என்பதே அவருடைய கணக்கு. மீன் கழிக்கும் அம்மோனியா அக்கணக்கில் இடம்பெறவில்லை. அம்மோனியாவை நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்ற உண்மையைத் தெளிவாக்கியவர்களுள் ஒருவர் ரோத்தாம்ஸ்டட் ஆய்வுப் பண்ணையில் மண்ணை ஆராய்ந்த அவருடைய மகன், இளைய ராபர்ட் வாரிங்டன் என்பது வரலாற்றின் சுவையான தற்செயல். மண்ணில் கண்டறிந்த அந்த அறிவு மீன் தொட்டிக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

1853இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. தொட்டியின் கொள்ளளவு என்பது கண்ணுக்குத் தெரியும் நீர் மட்டுமன்று என்பதைச் செயலில் காட்டியவர் வில்லியம் ஆல்ஃபிரட் லாயிட். 1871இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கத்தை அடியில் அமைத்து, நீரை இடைவிடாமல் சுழலச் செய்தார். இன்றைய பெருந்தொட்டிகளின் அடியில் வைக்கப்படும் வடிகட்டித் தொட்டிக்கு இதுவே முன்னோடி எனலாம்.

வீட்டுத் தொட்டி இவ்வளவு முன்னேறவில்லை. சிலேட்டுக் கல்லும் இரும்புச் சட்டமும் மக்கு வைத்து அடைத்த இணைப்புகளும் கொண்ட தொட்டி உயரமானால் ஒழுகியது. நீரின் உயரம் இருமடங்கானால் பக்கக் கண்ணாடியின் மீதுள்ள மொத்த விசை நான்கு மடங்காகும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலிகோன் பசை வந்து, சட்டமே இல்லாத தொட்டிகள் பெருகிய பின்னும், ஓர் அங்குல மீனுக்கு ஒரு கேலன் நீர் என்ற கைக்கணக்கு மட்டும் மாறவில்லை. சிறு மீன்களுக்கு ஓரளவு பொருந்தும் இக்கணக்கு, பெருமீன்களிடம் முற்றிலும் பொய்க்கிறது. நீளம் பத்து மடங்கானால், உடல்வாகு மாறாதவரை, எடை ஆயிரம் மடங்காகும். கடையில் 5 சென்டிமீட்டர் நீளத்தில் வாங்கிய ஆஸ்கார் மீன் 30 சென்டிமீட்டரை எட்டும்போது அதன் எடை இருநூறு மடங்கைத் தாண்டுகிறது. கழிவும் உடன் பெருகுகிறது. தொட்டிக்கேற்ப மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையோ இன்னும் மோசமானது. கழிவு தேங்கிய நீரில் வளர்ச்சி குன்றுவதைத்தான் அடக்கம் என்று மக்கள் எண்ணிக்கொண்டார்கள்.

ஆசிய அரோவானா 90 சென்டிமீட்டர் வரையும், அமேசான் நதியின் செவ்வால் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். 180 சென்டிமீட்டர் நீளமும் 60 அகலமும் 60 உயரமும் கொண்ட தொட்டியில் 648 லிட்டர் நீர் பிடிக்கும். வீட்டில் இது பெருந்தொட்டிதான், ஆனால் முழுதாக வளர்ந்த செவ்வால் கெளுத்தி அதில் உடலை மடக்காமல் திரும்பவே முடியாது. எனவே நீரின் அளவுக்கு முன் அகலத்தைப் பார்ப்பதே முறை.

சட்டம் இதில் தலையிட்டது அண்மையில்தான். இத்தாலியின் மோன்சா நகரம் 2004இலும் ரோம் நகரம் 2005இலும் உருண்டைக் குடுவையில் மீன் வளர்ப்பதைத் தடைசெய்தன. தமிழ்நாட்டில் இப்பிழையின் தடயம் ஏரிகளில் கிடக்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விரலளவில் விற்கப்படும் தென்னமெரிக்க சக்கர் மீன், 40 சென்டிமீட்டரைக் கடந்து தொட்டிக்கு அடங்காமற்போகும்போது, அருகிலுள்ள நீர்நிலையில் விடப்படுகிறது. அங்கே பெருகி, முள் நிறைந்த உடலால் மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. குஞ்சை வாங்குவோர் அதன் விலையைக் கேட்கும் முன், முழு வளர்ச்சியில் அதன் நீளம் என்ன என்று கேட்பதும், அந்த நீளத்துக்குக் குறையாத அகலமுள்ள தொட்டி வைக்க இடமில்லையெனில் வாங்காமல் திரும்புவதும் நன்று.