சாட்சியம் பெற்றவர்கள்

அமெரிக்காவின் லூயிசியானாவில் கிராண்ட் கோட்டோ சிறிய ஊர். 1818இல் பிரான்சிலிருந்து வந்திறங்கிய ரோஸ் ஃபிலிப்பைன் டுஷேனின் திரு இருதய சபை 1821இல் இங்கே ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கிற்று. இன்றும் அது நடக்கிறது.

யாத்ரீகர்கள் வருவது பள்ளிக்காக அல்ல. அதனுள் தேவாலயமாக்கப்பட்ட ஒரு நோயறைக்காக. கனடாவில் பிறந்த மேரி வில்சன் துறவுப் பயிற்சிக்கு இங்கே வந்தவள். கடும் நோயில் விழுந்தாள். ஜான் பெர்க்மான்ஸை நோக்கி ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. 1866 டிசம்பர் 14 அன்று குணமானாள். மருத்துவரும் கன்னியாஸ்திரீகளும் எழுத்தில் சாட்சியம் தந்தார்கள். 1888இல் பெர்க்மான்ஸ் புனிதராக்கப்பட்டபோது இந்த அற்புதமும் கணக்கில் எடுக்கப்பட்டது. மேரி மறு ஆண்டே இறந்துபோனாள்.

அந்தச் சிறிய அறையில் நின்றபோது என்னை நிறுத்தியது அற்புதம் அல்ல, தேதி. அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தம் 1865 டிசம்பர் 6இல் நிறைவேறிற்று. இடையில் ஓராண்டும் எட்டு நாளும்தான். அதற்கு முன் இந்த ஸ்தாபனத்துக்கு அடிமைகள் இருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். சமையலும் வயலும் கட்டட வேலையும் அவர்கள் கைகளில்தான் நடந்தன. அவர்களில் எத்தனை பேர் காய்ச்சலில் கிடந்தார்கள், எத்தனை பேர் எழுந்தார்கள்? ஒருத்தி குணமானதை எழுத்தில் குறித்து வைத்த ஸ்தாபனம், அடிமைகளைப் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கில்தான் குறித்தது.

மேரியின் துன்பம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அற்புதம் என்பது நிகழ்ச்சி மட்டுமல்ல, ஆவணமும்கூட. கேட்கும் காதும் எழுதும் கையும் ஒருவரைச் சுற்றி இருந்தால்தான் அவருடைய வலி சரித்திரத்துக்குள் நுழைகிறது. உள்நாட்டுப் போரிலும் இப்படித்தான். 1863இல் வட படைகளின் தளபதி பாங்ஸ் பள்ளிக்குப் பாதுகாப்புத் தந்தார். அவர் மகள் நியூயார்க்கில் இதே சபையிடம் படித்தவள். காப்பாற்றுவதற்கும் அறிமுகம் வேண்டியிருந்தது.

2018இல் சபை அடிமைகளின் வழிவந்தவர்களை அழைத்தது. முன்னோரின் பெயர்களைச் சொல்லி, ஊர்க் கல்லறையில் நினைவுக்கல் நட்டது. பழைய கணக்கேடுகளிலும் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் தேடித்தான் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள். விற்றவனின் ரசீதே வாரிசுக்குச் சாட்சியாகிவிட்டது. ஓர் அற்புதத்துக்குச் சாட்சியம் திரட்டிய ஸ்தாபனம், தன் செயலுக்குத் தானே சாட்சி சொல்ல நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது.