பசிக்கும் வசந்தம்

குளிர் நாடுகளில் தேனீக்களுக்குப் பஞ்சம் வருவது பெரும்பாலும் வசந்தத்தின் தொடக்கத்தில்தான். ராணி முட்டையிடத் தொடங்கிவிடும். புழுக்களுக்குத் தீனி வேண்டும். வெளியே பூக்களோ போதிய அளவு மலர்ந்திருக்காது. சேமித்த தேன் வேகமாகக் கரையும்.

சிக்கல் பழையது. 1-ஆம் நூற்றாண்டு ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா, உலர்ந்த அத்திப்பழத்தை நசுக்கி, நீரில் ஊறவைத்துத் தேனீக்களுக்குக் கொடுக்கச் சொன்னார்.

பிற்கால ஐரோப்பாவில் தேனீ வளர்த்த வைக்கோல் கூடைகளில் தேனடைகள் உட்புறத்தோடு ஒட்டியிருந்தன. இருப்பைக் கண்ணால் பார்க்க வழியில்லை. கூடையைத் தூக்கிக் கனம் பார்த்தே கணித்தார்கள். குளிரைத் தாங்காது என்று தோன்றிய இலேசான கூடைகளின் தேனீக்களை இலையுதிர் காலத்திலேயே கந்தகப் புகையிட்டுக் கொன்று தேனை எடுத்தார்கள். தேன் நிரம்பிய கனத்த கூடைகளுக்கும் அதே கதி! நடுத்தர எடையுள்ளவை பிழைத்தன.

1851-இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் இதற்கு மாற்று கண்டார். தேனடைகளைத் தாங்கும் சட்டங்களைச் சுற்றிச் சுமார் 3/8 அங்குல இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை அடைப்பதில்லை என்பதை வைத்து, சட்டங்களைக் கழற்றி எடுக்கக்கூடிய பெட்டியை உருவாக்கினார். 1852-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் வறிய பெட்டிக்கு, வளமான பெட்டியிலிருந்து ஒரு தேன் சட்டத்தை மாற்றி வைப்பது எளிதாயிற்று.

சர்க்கரைப் பாகு ஊட்டுவதும் பரவியது. வசந்தத்தில் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் என்பதே இன்றும் பலர் பின்பற்றும் அளவு.