வண்டலூரின் தகட்டு ரதம்

ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களை மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து, அடிப்பகுதி முற்றுப்பெறுமுன் கைவிடப்பட்ட 7ஆம் நூற்றாண்டுப் பணி அது. சென்ற முறை திரும்புகையில் ஒரு மாணவர் கேட்டார்: "ஐயா, இன்றைய காரும் இப்படி ஒரே துண்டுதானா?" விளையாட்டுக் கேள்விதான். ஆனால் விடை தேடப் புகுந்தபோது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மறந்துபோன வரலாறு ஒன்று எதிர்ப்பட்டது.

இன்றைய காரின் உடல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள எஃகுத் தகடுகளால் ஆனது. சுருளாக வரும் தகட்டை வெட்டி, மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையே வைத்துப் பெரும் அழுத்த இயந்திரத்தால் அமுக்குவார்கள். பிறகு ஓரம் நறுக்கி, துளையிட்டு, விளிம்பு மடித்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் பற்றவைத்து ஒரே கூடாக்குவார்கள். தகடு மலிவு; அச்சுதான் விலை மிகுந்தது. ஒரு மாதிரிக்குச் செய்த அச்சு இன்னொன்றுக்கு உதவாது. ஆயிரமாயிரமாய் விற்பவர்க்கே அது கட்டுப்படியாகும்.

இதை மனத்திற்கொண்டு 1950களின் இங்கிலாந்துக்குப் போவோம். ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல் செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. எனவே மற்றவர்கள் ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், பழைய பாணியில் தனிச் சட்டம் ஒன்றை அமைத்து, வெவ்வேறிடங்களில் செய்த உடற்பகுதிகளை அதன்மேல் போல்ட்டால் முடுக்கினார்கள். இத்தாலியின் மிக்கெலோட்டி வடிவமைத்து 1959இல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு அதுதான். நெருக்கடி பெற்ற பிள்ளை என்றே சொல்லலாம்.

அந்தப் பிள்ளை 1961இல் நம் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தது. 1948இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்த் தொழிற்சாலையில் அதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் செய்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யாது வெறுமனே கோத்து விற்போர்க்கு இடமில்லை என்ற அரசின் கொள்கையால் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவில் வெளியேறிவிட்டிருந்தன. உடலைப் பகுதி பகுதியாகக் கழற்றவும் மாட்டவும் கூடிய ஒரு கார், படிப்படியாக உள்நாட்டுமயமாக்க வேண்டிய ஆலைக்கு வாய்ப்பாக அமைந்தது என்பது நம் கணிப்பு. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் இவர்கள் செய்தார்கள். பின்னிருக்கைக்குப் புடவையோடு ஏறும் பாட்டிமார்கள் வாழ்த்தியிருப்பார்கள்!

நம் கல்லூரியில் ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவரிடம் ஹெரால்டு இருந்தது. கடற்கரையோர வீடு, உப்புக்காற்று தகட்டைத் தின்றது. முகப்புத் தகடு முழுவதும், இரு சக்கர மூடிகளோடும் சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டிங்கரிங் செய்பவர் அதை அப்படியே கழற்றிப் போட்டுக்கொண்டு, துருவை வெட்டி, புதுத் தகடு வைத்து, பட்டி பார்த்துச் சாயம் அடிப்பார். ஒற்றைக் கூட்டுக் காரில் இந்தச் சுளுவு இல்லை.

ஹெரால்டின் வழித்தோன்றலான கெசல் 1972இல் வந்து சில ஆண்டுகளில் நின்றது. பெங்களூர் சிபானி தன் டால்ஃபினுக்கு அச்சுச் செலவே வேண்டாமென்று கண்ணாடியிழையால் உடல் செய்த 1980களில், வண்டலூர் எதிர்த்திசையில் போயிற்று. ரோவர் எஸ்.டி.1 என்ற பெரிய காரின் உடலை எடுத்து, பழைய வேன்கார்டு வழிவந்த இயந்திரத்தைப் பூட்டி, 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது. அழகிய உடல், அதை இழுக்கத் திணறும் இதயம். 1988இல் உற்பத்தி நின்றது. அந்த ஆலையை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் நம் வகுப்புகளில் படித்தார்கள். கட்டணம் செலுத்தும் நாளில் அவர்கள் வராந்தாவில் ஒதுங்கி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதே சாலையில் சற்றுத் தெற்கே, மறைமலைநகரில், ஃபோர்டு 1999இல் ஐகானைச் செய்யத் தொடங்கியது. அங்கிருந்தும் கடைசிக் கார் 2022இல் வெளியேறியது. 2025 அக்டோபரில் அந்த ஆலைக்குப் புதிய முதலீடு அறிவிக்கப்பட்டிருக்கிறது, இயந்திரங்கள் செய்வதற்கு. கார் உடல் பற்றி அந்த அறிவிப்பில் பேச்சில்லை.