காஜி எழுந்துபோன நாற்காலி

ஆவுடையார்கோவில் என்றதும் வெளியூரார்க்குத் திருப்பெருந்துறைக் கோயிலின் கல் கொடுங்கைகளே நினைவுக்கு வரும். நமக்கோ அந்த வட்டத்தின் கிழக்கு விளிம்பும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மீமிசல், கோபாலப்பட்டினம் எனக் கடலை ஒட்டிக் கிடக்கும் நம் ஊர்கள் அங்கேதான் உள்ளன. ஒரு தலைமுறை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது. அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குப் போனது. இன்று இவ்வூர் வீடுகளில் பொறியாளரைக் காண்பது எளிது. வழக்கறிஞரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அந்தக் குறை எங்கே வெளிப்படுகிறது என்றால், சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில். வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழிவதற்குள் பெண்மக்களை அழைத்துவந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். "கல்யாணத்துக்குச் செய்தாச்சே, இன்னும் என்ன?" என்பதே அங்கே சொல்லப்படும் சட்டம். அந்நிஸா அத்தியாயம் பெண்ணுக்கு வகுத்த பங்கை எல்லாரும் அறிவர். பத்திரத்தில் எழுதியிருப்பதை அவளுக்குப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. மார்க்கமும் சட்டமும் ஒருங்கே அறிந்த ஒருவர் நம் சபையிலிருந்து எப்போது எழுந்துபோனார் என்று தேடினால், வரலாறு 1864ஆம் ஆண்டைக் காட்டுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நீதிமன்றங்களில் ஆங்கிலேய நீதிபதிக்கு ஷரீஅத்தை எடுத்துரைக்க முஸ்லிம் சட்ட அதிகாரிகள் அமர்த்தப்பட்டிருந்தனர். காஜி, முஃப்தி எனும் பெயர்களில் அவர்கள் இருந்தனர். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அந்தப் பதவிகளை நீக்கியது. நீதிபதிகள் நூல்களைப் பார்த்தே தீர்ப்பளித்துக்கொள்ளலாம் என்பது அரசின் எண்ணம்.

அந்த நூல்கள் எப்படிப்பட்டவை? ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவைச் சார்லஸ் ஹாமில்டன் 1791இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆனால் அவர் பெயர்த்தது அரபு மூலத்தையன்று, அதன் பாரசீக மொழிபெயர்ப்பை. நம் கடற்கரையிலோ ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரே மிகுதி. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் ஆங்கிலத்துக்கு வந்தது 1914இல்தான். அதுவும் பிரெஞ்சு வழியாக வந்தது. கிதாபைப் பாடம் ஓதிய ஆலிம்கள் நம் மதரஸாக்களில் இருக்க, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பைப் புரட்டி நம் வீட்டுச் சொத்துக்குத் தீர்ப்பெழுதினார்கள்!

காஜி பதவி நீங்கியதால் நிகாஹ் போன்றவற்றில் குழப்பம் எழுந்தது. எனவே 1880இல் காஜிகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. அது முதலில் நடைமுறைக்கு வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான். காஜியை அரசே நியமிக்கலாம் என்று அச்சட்டம் கூறியது. ஆனால் அவருக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதுவும் இல்லை என்பதை அதன் 4ஆம் பிரிவு தெளிவாகவே எழுதிவிட்டது. காஜியின் பெயர் திரும்பி வந்தது. நீதிமன்றத்து நாற்காலி திரும்பி வரவில்லை.

அதன் விலை 1894இல் தெரிந்தது. வம்சாவளியினர் பயன்பெறவும், வம்சம் அற்றுப்போனால் ஏழைகளுக்குச் சேரவும் எழுதப்பட்ட வக்ஃபு ஒன்று லண்டன் பிரிவி கவுன்சிலின் முன் வந்தது. ஏழைகளுக்கான பங்கு வெறும் பெயரளவே என்று கூறி, அந்த வக்ஃபு செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. சொந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பதும் தர்மமே என்பது நம் மார்க்கம். ஆங்கிலேயரின் அறக்கட்டளைக் கருத்துக்கு அது புரியவில்லை. இதற்கு முன்பே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சையத் அமீர் அலி, ஃபிக்ஹு நூல்களைக் காட்டி, இத்தகைய வக்ஃபு செல்லும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருந்தார். ஒருவரின் குரல் போதவில்லை.

பிறகு நடந்ததுதான் நம் கவனத்துக்கு உரியது. மௌலானா ஷிப்லி நுஃமானி உலமாக்களிடையே ஆதரவு திரட்டினார். பாரிஸ்டரான முகமது அலி ஜின்னா 1911இல் பேரரசுச் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1913இல் அது சட்டமாயிற்று. பழைய வக்ஃபுகளுக்கும் அது பொருந்துமாறு 1930இல் மற்றொரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. (ஜின்னாவின் பிற்கால அரசியல் குறித்து அவரவர்க்கு ஒரு கருத்து உண்டு. இங்கே நாம் பேசுவது அவருடைய தொழில் திறமையை.) ஆலிமும் வழக்கறிஞரும் ஒரே பக்கம் நின்றபோதுதான் அந்தத் தீர்ப்பை மாற்ற முடிந்தது.

பெண்களின் பங்கு பற்றிய வரலாறும் இப்படியே. ஊர் வழக்கம் என்ற பெயரில் பெண்மக்களுக்குப் பங்கு மறுக்கப்பட்டு வந்த நிலையை 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் மாற்றியது. ஆனால் விவசாய நிலத்தை அது தொடவில்லை. நஞ்சையும் புஞ்சையுமே சொத்தாக உள்ள குடும்பத்தில் அந்த விலக்கு எவ்வளவு பெரியது! சென்னை மாகாணச் சட்டமன்றம் 1949இல் திருத்தம் செய்து அந்த விலக்கை நீக்கியது. அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஆவுடையார்கோவில் பகுதி வயல்களும் அதில் அடங்கும். 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது இப்பகுதி அதனுடன் சேர்ந்தது. மாவட்டம்தான் மாறியது, அந்த உரிமை மாறவில்லை. ஆயினும் இன்றும் அதைக் கேட்கும் பெண்ணைப் "பேராசைக்காரி" என்பார் உண்டு.

நம்மில் சட்டம் பயின்று உயர்ந்தோர் இல்லாமலில்லை. சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தொடங்கியது. 1950களில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியையே நிறுவினார். நாகூரில் 1921இல் பிறந்து இளமையிலேயே பெற்றோரை இழந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் 1979இல் அதே உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஆணையம் அவருடையது. 1981இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது அங்கே பதவியேற்காமல் ஒதுங்கிக்கொண்டார். கம்பனில் ஊறிய தமிழறிஞர் என்றே பலரும் அவரை நினைவுகூர்கின்றனர். நீதிபதியாக நினைவுகூர்வது குறைவு.

பத்தனம்திட்டாவில் ராவுத்தர் குடும்பத்தில் பிறந்த ஃபாத்திமா பீவி அவர்களின் வாழ்வு இன்னும் நெருக்கமானது. அறிவியல் படிக்க விரும்பிய மகளைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தை மீரா சாஹிப். 1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்ற அவர், 1958இல் முன்சீப் ஆனார். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். 1940களில் ஒரு வாப்பா எடுத்த முடிவு அது.

அன்றைக்கு ஆவுடையார்கோவில் பக்கத்து மாணவர் சட்டம் படிக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும். 1970களில் மதுரையிலும் திருச்சியிலும், 2017இல் இராமநாதபுரத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்துவிட்டன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்க்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் படிப்பு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழைச் சரியாக வாங்கி வைத்திருப்பது அவசியம். பொதுப் பிரிவினரிடமும் பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல் பார் கவுன்சில் வாங்கலாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்பது 2025 மே மாதத் தீர்ப்பு.

உண்மையான இடர் படிப்பு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. சீனியரிடம் ஜூனியராக இருக்கும் ஆரம்ப ஆண்டுகளில் கைக்கு வருவது பெரும்பாலும் பேருந்துச் செலவே. கிராமப்புறத்தில் மாதம் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று இந்திய பார் கவுன்சில் 2024இல் பரிந்துரைத்தது, அது கட்டாயமன்று. கூடப் படித்தவன் துபாயிலிருந்து பணம் அனுப்பும்போது, அறந்தாங்கி நீதிமன்றத்துக்குக் கறுப்பு அங்கியோடு போய்வரும் மகனையோ மகளையோ வீடு எத்தனை காலம் பொறுக்கும்?

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். அவருடைய மாணவர் அபூ யூசுஃப் (ரஹ்) வறிய வீட்டுப் பிள்ளை. பிழைப்புக்கு வழி தேடச் சொல்லி வீட்டார் படிப்பிலிருந்து இழுத்தபோது, இமாமவர்கள் தம் வணிகப் பணத்திலிருந்தே அவருக்குக் கொடுத்து வந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த மாணவர்தாம் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியானார். நம் ஜமாஅத்துகளின் கல்வி உதவித்தொகை பெரும்பாலும் கல்லூரிக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. பட்டம் பெற்ற பின்னரும் மூன்றாண்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை என்று அதை நீட்டிக்கலாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உள்ள நம் ஊர்ச் சங்கங்களுக்கு அது பெரிய தொகையன்று. அப்படி ஆளாகும் முதல் பிள்ளை, வாரம் ஒரு நாள் அஸருக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார்ந்து, கையெழுத்துக்கு வரும் பெண்களுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டட்டும்.