பலாவு சமுதாயக் கல்லூரியும் தராதர அங்கீகாரமும்

மேற்குப் பசுபிக்கில் 20,000க்கும் குறைவான மக்கள் வாழும் தீவு நாடு பலாவு. ஸ்பானியர், செருமானியர், யப்பானியர், அமெரிக்கர் என ஆள்வோர் மாறுந்தோறும் கல்வியும் அவர்தம் தேவைக்கேற்ப மாறியது. அமெரிக்க நிருவாகத்தின்கீழ் 1969 இல் கொறோரிலே தோன்றிய மைக்குரோனீசியத் தொழிற்பயிற்சி நிலையம், 1977 இல் அமெரிக்க மேற்குப் பிராந்தியத் தராதர ஆணைக்குழுவின் அங்கீகாரத்தைப் பெற்றது. 1993 இல் அதுவே பலாவு சமுதாயக் கல்லூரியாயிற்று.

1994 இல் நாடு சுதந்திரமடைந்தது. எனினும் கல்லூரியின் தராதரத்தை மதிப்பிடும் அதிகாரம் கடலுக்கு அப்பாலேயே நிலைத்தது. இதனை அடிமைத்தளை என ஒதுக்குதல் பொருந்தாது. அங்கீகாரமின்றேல் மாணவர் அமெரிக்க உதவிநிதியைப் பெறவியலாது. அவர்கள் கற்ற பாடங்களை அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஏற்பதும் அரிதாகும். ஆயினும், வெளியார் வகுத்த அளவுகோல் தீவின் தேவைகளை முற்றாக அளந்துவிடுமா? அரசியல் சுதந்திரம் பெற்ற சிறு நாடுகள் யாவும் எதிர்நோக்கும் வினா இதுவெனலாம்.