கிருஷ்ணனின் நிழலும் நம் மண்ணும்

தக்கலையில் மாலை வேளைகளில் கூடிப் பேசும் எங்கள் சிறு வட்டத்தில் இலக்கியம் தவிர வேறொன்றும் பேசலாகாது என்ற விதி ஏதுமில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் பேச்சு வழக்கம்போல சுந்தர ராமசாமியில் தொடங்கியது. அவருக்குப் பின் வந்தவர்களால் அந்த உயரத்தைத் தொட முடிந்ததா என்ற, எப்போதும் முடியாத விவாதம். அன்றைய செய்தித்தாளை மடித்து வைத்திருந்த இளைய நண்பர் ஒருவர் பேச்சைத் திசைமாற்றினார். 2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில், மதுரையைச் சேர்ந்த தட்சிணேஸ்வர் சுரேஷ் தம் முதல் ஆட்டத்திலேயே வென்றிருந்தார். இந்தியா ஐரோப்பிய மண்ணில் அப்படி ஒரு வெற்றியைக் கண்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"அண்ணாச்சி, இந்தப் பையன் கிருஷ்ணன் அளவுக்கு வருவானா?" என்று கேட்டார் அவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிருஷ்ணனுக்கு இணையா இனி ஒருத்தன் வரமாட்டான் பாத்துக்கோ" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. அந்த ஒற்றை வாக்கியம் எங்களை வெகுநாள் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. அது வரலாறா, வெறும் ஏக்கமா என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தோம். இக்கட்டுரை அவ்வாறு எழுந்தது.

*

நாகர்கோவில் தந்த கிருஷ்ணன் என்றால் எவருக்கும் முதலில் நினைவில் எழுபவர் ஒழுகினசேரியின் கலைவாணர்தான். தக்கலையிலிருந்து பேருந்தில் முக்கால் மணிநேரத்துக்குள் சென்றுசேரும் அதே நாகர்கோவிலில், 1937 ஏப்ரல் 11ஆம் நாள் இன்னொரு கிருஷ்ணன் பிறந்தார் என்பது நம்மூரிலேயே பலருக்குத் தெரியாது. அப்போது இது திருவிதாங்கூர். கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாகி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. தெய்வத்தின் வாசலே அப்போதுதான் எல்லோருக்கும் திறந்திருந்தது. டென்னிஸ் மைதானத்தின் வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ராமநாதன் கிருஷ்ணனின் தந்தை டி.கே. ராமநாதன் தாமே தேர்ந்த ஆட்டக்காரர். மகனுக்கு முதல் ஆசான் அவர்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணன் ஆட்டத்தைக் கற்றது இந்த ஊரில் அன்று. அவர் பெயரில் நமக்குள்ள உரிமை தொப்புள்கொடியின் உரிமை மட்டுமே. பிள்ளைகளைப் பெற்று வெளியூருக்கு அனுப்புவது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதும் அன்று.

1954இல், பதினேழு வயதில், விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை அவர் வென்றார். ஆசியர் எவரும் அதற்குமுன் அதை வென்றதில்லை. இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர், நான்கே ஆண்டுகளில் விம்பிள்டன் சாம்பியன் ஆனார் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சிறுவனின் தரம் விளங்கும். 1960இல் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதியில் நீல் ஃபிரேசரிடம் தோற்றார். 1961இல் கால் இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்திவிட்டு, அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். இரண்டு முறையும் அவரை வென்றவரே பட்டத்தையும் வென்றார். 1962இல் அவருக்கு நான்காம் இடம் தரப்பட்டிருந்தது. கணுக்கால் காயம் அவரைப் பாதியில் திருப்பி அனுப்பியது.

1966 டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலுடன் நடந்த ஆட்டத்தை அண்ணாச்சி தலைமுறையினர் இன்றும் நேரில் பார்த்தவர்போலச் சொல்வார்கள். இரு அணிகளும் இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, தோமஸ் கோச்சுக்கு எதிராகக் கிருஷ்ணன் செட் கணக்கில் ஒன்றுக்கு இரண்டு என்றும், நான்காம் செட்டில் இரண்டுக்கு ஐந்து என்றும் பின்தங்கியிருந்தார். அங்கிருந்து அந்த செட்டை 7-5 என்றும், கடைசி செட்டை 6-2 என்றும் எடுத்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிக் கட்டத்தை அடைந்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒன்று, நியூகோம்ப் - ரோச் இணையைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் வீழ்த்திய இரட்டையர் ஆட்டம்.

*

அடுத்து வந்தவர்கள் சோடை போகவில்லை. சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் கால் இறுதியை எட்டினார். அமெரிக்காவில் அவர் வென்றவர்களில் ஒருவர் ராட் லேவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணனை நிறுத்திய அதே லேவர். லேவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது என்பதையும் சேர்த்தே சொல்வது நியாயம். மறு ஆண்டு அதே போட்டியில் பியான் போர்க்கை வென்றார். அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் மூவரையும் டென்னிஸின் ஏபிசி என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. 1974இல் இந்தியா மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடப்படாமலே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. தோல்விகளில் சில வெற்றியைவிடக் கௌரவமானவை.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டிலும் சிறுவர் பட்டம் பெற்றார். அமெரிக்க ஓப்பனில் 1981, 1987 ஆகிய ஆண்டுகளிலும், விம்பிள்டனில் 1986இலும் கால் இறுதி கண்டார். 1987இல் சிட்னியில் தம் இரு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்று இந்தியாவை மூன்றாம் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஸ்வீடன் 5-0 என்று வென்றது. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அன்று உலகின் முதல் இடத்திலிருந்த மாட்ஸ் விலாண்டரை ரமேஷ் தோற்கடித்தார்.

இங்கே வரலாறு ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு நின்றுவிட்டது. 1987க்குப் பின் இந்திய ஆடவர் எவரும் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் கால் இறுதியை எட்டவில்லை. போட்டித் தரநிலை (seed) பெற்ற ஒருவரை இந்தியர் ஒருவர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் வெல்வதற்கு, ரமேஷின் அந்த 1989 வெற்றிக்குப் பின், 2024இல் சுமித் நாகல் வரும்வரை முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எண்கள் அண்ணாச்சியின் பக்கமே நிற்பதுபோலத் தோன்றும். கிருஷ்ணன் தம் காலத்து விமர்சகர்களின் பட்டியல்களில் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர். கணினித் தரவரிசை வந்தபின் விஜய் எட்டிய உயரம் 18. ரமேஷ் 23. சென்னையில் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் 2011இல் 62. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019இல் 75. படிக்கட்டில் இறங்கும் காலடி ஓசைபோல இருக்கிறது இந்த வரிசை.

*

ஆனால் இந்த எண்கள் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1968 வரை தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டனில் இடமில்லை. கிருஷ்ணன் அரையிறுதி ஆடிய ஆண்டுகளில் கென் ரோஸ்வாலும் பாஞ்சோ கோன்சாலஸும் லூ ஹோடும் வெளியே வேறு அரங்குகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணனுக்கே 1959இல் ஜாக் கிரேமரின் தொழில்முறைக் குழுவிலிருந்து பெருந்தொகையோடு அழைப்பு வந்தது. அவர் மறுத்தார். ஆகவே அன்றைய அரையிறுதி பாதி உலகத்தின் அரையிறுதி. இதைச் சொல்வதால் கிருஷ்ணனின் பெருமை குறையாது. எமர்சன்களையும் கூப்பர்களையும் வென்றவருக்கு எவருடைய சலுகையும் தேவையில்லை.

இரண்டாவது, தரை. 1974 வரை நான்கு பெரும் போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கும். கிருஷ்ணனின் மென்மையான தொடுகைக்கு அது இணங்கியது. பின்னர் அமெரிக்கா புல்லைக் கைவிட்டது. 1988இல் ஆஸ்திரேலியாவும் கைவிட்டது. மர மட்டை போய் கிராஃபைட் வந்தது. தொடுகையின் இடத்தில் வலு அமர்ந்தது.

இந்த விளக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ரமேஷ் அதைக் கெடுத்துவிட்டார். அவருடைய இரண்டு அமெரிக்கக் கால் இறுதிகளும், விலாண்டரை வென்ற ஆட்டமும் கடினத்தரையில் நிகழ்ந்தவை. வலுவான சர்வீஸ் இல்லாமல், தந்தையின் அதே தொடுகையை வைத்துக்கொண்டு, வலுவின் காலத்தில் அவர் அதைச் செய்தார். எனவே தரையும் மட்டையும் முழுப் பதில் ஆகா.

*

வெளியுலகில் இதே கேள்வி வேறு வடிவத்தில் கேட்கப்பட்டது. ஃபெடரர் 20, நடால் 22, ஜோகோவிச் 24 என்று மூவரும் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களைக் குவித்த காலத்தில், இவர்களுக்குப் பின் யார் என்று கேட்காத நாளில்லை. 1990களில் பிறந்த ஒரு தலைமுறையே அந்த நிழலில் வாடியது. 2025 முடிய, அப்பத்தாண்டில் பிறந்த ஆடவரில் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வென்றவர்கள் டொமினிக் தீம், மெத்வதேவ் இருவர்தாம், அதுவும் ஆளுக்கு ஒன்று. ஆனால் 2001இல் பிறந்த சின்னரும் 2003இல் பிறந்த அல்காரஸும் 2024, 2025 ஆண்டுகளின் எட்டுப் பட்டங்களையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆலமரத்தின் அடியில் முளைத்தது வாடிற்று. சற்றுத் தள்ளி முளைத்தது மரமாயிற்று.

அவர்கள் சிக்கல் நிழலின் சிக்கல். நம் மரங்களோ ஆட்டத்தை விட்டு நீங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நிழலைக் குறைசொல்ல வழியில்லை. அப்படியென்றால் மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தபோது எங்களுக்குப் புலப்பட்டது இது. பொற்காலத் தலைமுறை என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வீடுகள். டி.கே. ராமநாதன், அவர் மகன், பேரன் என்று ஒரு வீடு. ஆனந்த், விஜய், அசோக் என்ற அமிர்தராஜ் சகோதரர்களின் இன்னொரு வீடு. 1954 முதல் 1989 வரை இந்திய ஒற்றையர் டென்னிஸின் பெரும்பாரத்தைச் சுமந்தவை இவ்விரு வீடுகளே. குருகுலம்போலத் தந்தை மகனுக்கும், தாத்தா பேரனுக்கும் கைமாற்றிய வித்தை அது. வீட்டில் கற்ற வித்தைக்கு ஓர் அழகு உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. வாரிசு நின்றால் வித்தையும் நின்றுவிடும். விஜயின் மகன் பிரகாஷ் 2008இல் நியூபோர்ட் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்றார். அதற்குமேல் அந்த வரிசை ஏறவில்லை.

வீட்டுக்கு வெளியே அந்த வித்தையைக் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. 1985இல் அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குக் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த சிறுவன் லியாண்டர் பயஸ். 1990இல் விம்பிள்டன் சிறுவர் பட்டமும், 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் வெண்கலமும், இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாகப் பதினெட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களும் அவர் பெற்றவை. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1997இல் கலப்பு இரட்டையரில் வென்று, கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். கிருஷ்ணனுக்கும் விஜய்க்கும் கிட்டாத பட்டங்களை அடுத்த தலைமுறை பெற்றது என்பதை அண்ணாச்சிகள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். வாசல் சற்றே திறந்ததும் அது நிகழ்ந்தது என்பதே எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

அத்தகைய வாசல்கள் பெருகவில்லை. 1997 முதல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த ஆடவர் பன்னாட்டுப் போட்டி 2017உடன் புனேவுக்குப் பெயர்ந்தது. 2023க்குப் பின் நாட்டைவிட்டே நீங்கியது. சோம்தேவ் 2009இல் இறுதியாட்டம் வரை சென்றது அந்த அரங்கில்தான். அவர் முதிர்ந்தது அமெரிக்கப் பல்கலைக்கழக டென்னிஸில். தட்சிணேஸ்வரும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆடி வளர்ந்தவரே. கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன் 2025இல், பதினைந்து வயதில், மும்பைப் பன்னாட்டுப் போட்டியின் அரையிறுதியை எட்டினார். அவர் பயிற்சி பெறச் சென்றது ஸ்பெயினில் நடாலின் பள்ளிக்கு. மண்ணைத் தேடி விதைகள் பறந்துகொண்டிருக்கின்றன.

*

மீண்டும் அண்ணாச்சியிடம் சென்று இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அப்போ வருவான்னு சொல்லுதியளா?" என்றார்.

வருவார் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. வரமாட்டார் என்பதற்கும் இல்லை. கிருஷ்ணனோடு இன்றைய இளைஞரை நிறுத்தி அளப்பது, இரண்டு வீடுகளுக்குள் நிகழ்ந்த ஓர் அற்புதத்தை நாட்டின் சாதனை என்று கணக்கெழுதிவிட்டு, அது தொடரவில்லையே என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது. முன்னோரின் பெயரை இளையவர்மேல் கல்லாக ஏற்றி வைப்பதில் நாம் தேர்ந்தவர்கள். இலக்கியத்திலும் அதைத்தான் செய்துவருகிறோம்.

1937இல் இந்தப் பகுதியில் பிறந்த ஒரு குழந்தை விம்பிள்டன் சென்றதற்குக் காரணம், அதன் தந்தையின் கையில் ஒரு மட்டை இருந்தது. இன்று தக்கலையில் பிறக்கும் குழந்தையின் தந்தை கையில் அது இல்லையென்றால், அதை யார் தருவது? அண்ணாச்சி சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, எங்கள் இளைய நண்பரின் மகளுக்கு என்ன வயதாகிறது என்று கேட்டார்.

ஏழு என்றார் நண்பர்.