நடுவழியில் நின்ற ஏ.சி.யும் ஆர்-12 கேஸும்

பழைய பஸ்ஸை வாங்கி, கட்டில் அடுப்பெல்லாம் வைத்து வீடாக்கி ஊர் சுற்றுவது அமெரிக்காவில் பலருக்குப் பிடித்த விஷயம். 1990களில் இவர்களுக்கு வழியில் ஏ.சி. நின்றால் தீர்ந்தது கதை!

அன்றைய வண்டி ஏ.சி.களில் இருந்தது ஆர்-12 கேஸ். 1928-ல் தாமஸ் மிட்ஜ்லி குழு உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. தீப்பிடிக்காது, மலிவு. கசிந்தால் கடையில் ஒரு டப்பா வாங்கி ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.

1974-ல் மொலினாவும் ரோலண்டும் இந்த வகை கேஸ்கள் ஓசோனைத் தின்னும் என்றார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1995 முடிவோடு அமெரிக்காவில் உற்பத்தி நின்றது. சப்ளை நின்றால் என்ன ஆகும் என்று பி.காம். மாணவனுக்குச் சொல்ல வேண்டுமா? விலை எகிறியது, கடத்தலும் நடந்தது.

சரி, புதிய ஆர்-134ஏ-வை ஏற்றலாமே? அங்கேதான் சிக்கல். கம்ப்ரஸர் ஆயில் வேறு, குழாய் இணைப்பு வேறு. பஸ்ஸுக்கோ காரை விடப் பல மடங்கு கேஸ் வேண்டும். ஒப்பந்தம் சரியானதுதான், ஆனால் அதன் பில்லைக் கட்டியது கேஸ் விற்றுச் சம்பாதித்தவர்கள் இல்லை, பழைய வண்டிக்காரர்கள் என்பது என் கருத்து.

இத்தனைக்கும் ஆர்-12 பயன்படுத்துவது அங்கே குற்றமில்லை, புதிதாகத் தயாரிப்பதுதான் தடை. பழைய இயந்திரங்களிலிருந்து உறிஞ்சிச் சுத்தம் செய்த கேஸ் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது.